மழையும் செய்மதி றேடாரும்

மார்கழி மாதத்தில் முள்ளியவளையின் வானம் பகலிலும் இருண்டு கிடப்பது வழமை. வடகீழ்ப் பருவக்காற்றின் மழை குளங்களை நிரப்பி வயல்களையும் மூடுகின்ற அந்நாளிலேதான், வெள்ளம் எவ்வளவு தூரம் பரந்தது என்னும் வினா எழுகின்றது. சூரிய ஒளியைக் கொண்டு படம்பிடிக்கும் செய்மதி முகிலின் முதுகையன்றி வேறெதனையும் காணாது. றேடார்ச் செய்மதியோ முகிலை ஊடுருவிக் காணவல்லது. ஆகவே மழையும் அதற்கொரு தடையன்று என்பாருளர். அக்கூற்று முழு உண்மையன்று என்பதை அக்கருவியின் வரலாறே காட்டும்.

இரண்டாம் உலகப்போரிற் பகைவிமானங்களைத் தேடிய றேடார்களில் மழைத்திரள்களும் வந்து தோன்றின. காவலருக்கு அவை வெறுந் தொல்லை. இங்கிலாந்தில் றைட் என்பார் மழைத்துளிகள் அலையை எவ்வளவு சிதறடிக்கும், எவ்வளவு குன்றச் செய்யும் எனக் கணித்தார். 1948இல் மார்சல், பாமர் என்னுமிருவர் கனடாவில் துளிகளின் பருமனையும் மழைவீதத்தையும் ஒரு சூத்திரத்தால் இணைத்தனர். அடிப்படை விதியோ 1871இல் றாலி பிரபு கண்டது. அலைநீளத்தினும் மிகச் சிறிய துளி திருப்பியனுப்பும் வலு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாய் அமையும். அலைநீளம் பாதியாயின் அதே துளி பதினாறு மடங்கு வலுவை மீட்டனுப்பும். மழையை அளப்போருக்கு வரமாயமைந்த இவ்விதி, நிலத்தைப் படமாக்குவோருக்கு இடராயிற்று.

1978 யூன் மாதம் ஏவப்பட்ட சீசாற் செய்மதி 23 சதமமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அலையைக் கையாண்டது. நூறு நாள்களுக்குச் சிறிது மேலே அது உழைத்து ஓய்ந்தது. அத்தகைய நெடிய அலையை வானத்துத் துளிகள் பெரிதும் தடுப்பதில்லை; ஆயினும் மழை விழுந்து கலக்கிய கடற்பரப்பின் சுவடு படத்திற் பதிந்தது. 1994இல் என்டெவர் விண்ணோடம் ஏறத்தாழ 3, 6, 24 சதமமீற்றர் அலைகள் மூன்றையும் ஒருங்கே கொண்டு சென்றபோது, ஐயம் தீர்ந்தது. ஒரே மழைத்திரள் மூவலையிலும் மூவகையாய்த் தோன்றியது. குறுகிய அலையிலேதான் மழையின் தாக்கம் மிகுதி.

துளியாகாத நீராவியும் ஏமாற்றும். சாரீரப்பதன் இருபது வீதம் மாறினால் நில அசைவின் அளவீட்டிற் பத்துச் சதமமீற்றர் வரை பிழை நேரலாமென 1997இற் செப்கர் முதலியோர் காட்டினர். அசையாத அணைக்கட்டு அமிழ்ந்ததாகத் தோன்ற இது போதும்.

2014இல் ஏவப்பட்ட சென்ரினல்-1 ஏறக்குறைய 5.6 சதமமீற்றர் அலையுடையது. காலை, மாலை ஆறு மணியை அண்டிக் கடப்பது. ஐப்பசியின் இடிமழையும் பெரும்பாலும் மாலையிலேயே வரும்! அமைதியான வயல்நீர் கண்ணாடிபோல் அலையை அப்பால் எறிவதால் படத்திற் கருமையாகும். காற்றும் மழையும் அந்நீரைக் குழப்பினால் அலையிற் சிறிது மீண்டுவர, வெள்ளம் நிலமெனத் தோன்றும். நனைந்த தரிசுமண் உலர்ந்ததைவிட வெளிறும். காட்டினுள் தேங்கிய நீரோ இன்னும் விந்தையானது. நீரிலும் மரத்தண்டிலும் மோதித் திரும்பும் அலையால் அவ்விடம் கருக்காது ஒளிரும்.

2018 டிசம்பர் வெள்ளம் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களை மூழ்கடித்தது போன்ற வேளையில், கருமையை மட்டும் எண்ணுபவன் கணக்கில் காட்டோரக் குடிகள் விடுபட்டுப் போகக்கூடும். 2025 யூலை 30இற் சிறீகரிக்கோட்டாவிலிருந்து சென்ற நிசார் செய்மதி, 24 சதமமீற்றர் அலையால் இலைச்செறிவையும் மழையையும் எளிதிற் கடக்கின்றது. எனினும் மழைக்கு முந்திய படத்தையும் மழைமானிக் குறிப்பையும் அருகே வைத்தே அதன் படத்தையும் படித்தல் வேண்டும்.