அடையாற்று மர அலமாரி

பேய், ஆவி என்ற நம்பிக்கை எல்லாம் கல்லாதாருக்கே உரியது என்பர் சிலர். சென்னை நகரத்துக் கற்றோரை 1884-ஆம் ஆண்டில் இரு கூறாகப் பிரித்த ஒரு வழக்கை அறிந்தோர் அங்ஙனம் கூறார்.

பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிறரும் 1875-இல் நியூயார்க்கில் நிறுவிய பிரம்மஞான சபை, 1882 இறுதியில் அடையாற்றில் தலைமையகம் அமைத்தது. அம்மையாரின் படுக்கையறையை ஒட்டிய அறைச் சுவரில் ஒரு மர அலமாரி தொங்கியது. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்களின் கடிதங்கள் அதனுள் தாமே தோன்றும் என்றனர். 1883 ஆகஸ்டில், உடைந்த பீங்கான் தட்டொன்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினர். திறந்தபோது முழுத் தட்டு இருந்தது.

மறு ஆண்டு, சபையின் வீட்டுப் பணிகளைக் கவனித்துவந்த கூலோம் தம்பதியர் வெளியேற்றப்பட்டனர். அலமாரியின் பின்பலகை நகரும் என்றும், அம்மையாரின் சொற்படி தாங்களே அற்புதங்களை நடத்தினோம் என்றும் அவர்கள் கூறினர். அம்மையார் எழுதியவை எனத் தாம் வைத்திருந்த கடிதங்களைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரித் திங்களிதழுக்கு அளித்தனர். செப்டம்பரில் அவை அச்சேறின.

வாதம் உடனே சமயப் போராயிற்று. இந்து, பௌத்த நெறிகளைப் போற்றிய சபை வீழ்ந்தது எனப் பாதிரிமார் மகிழ்ந்தனர். இந்துக்கள் பலர் இதனைத் தம் சமயத்தின் மீது தொடுத்த தாக்குதலாகவே கொண்டனர். டிசம்பரில் அம்மையார் ஐரோப்பாவினின்று திரும்பியபோது கல்லூரி மாணவர் திரண்டு வரவேற்றனர். கிறிஸ்தவக் கல்லூரி மாணவரும் அவர்களுள் இருந்தனர்!

லண்டன் அமானுஷ்ய ஆராய்ச்சிக் கழகம் அனுப்பிய ரிச்சர்டு ஹாட்ஜ்சன் வந்தபோது அலமாரி இல்லை. சபையினரே அதனை அழித்துவிட்டிருந்தனர். ஆயினும் அவர் கடைகளில் விசாரித்து, அதே வகைத் தட்டுகளைக் கூலோம் அம்மையார் முன்னரே வாங்கியிருந்ததைக் கண்டார். அற்புதங்கள் மோசடியே என 1885-இல் அறிக்கை விடுத்தார். கூலோம் தம்பதியரே பின்னர் புனைந்த சூழ்ச்சி என்றது சபை. நூறாண்டு கழித்து, 1986-இல், அதே கழகத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து ஆய்வாளர், ஹாட்ஜ்சனின் ஆய்வுமுறை நடுநிலை தவறியது எனக் கண்டித்தார்.

நாம் கருத வேண்டியது ஒன்று. பலகை நகர்ந்ததா, நகரவில்லையா என்பது தச்சன் பார்த்துச் சொல்லத்தக்க கேள்வி. அதனை, எம் சமயம் மெய்யா, உம் சமயம் மெய்யா என்று மாற்றியமையால், மக்கள் சான்றை நோக்காது தத்தம் பக்கத்தை நோக்கினர். முழுத் தட்டு வந்ததனால் ஒரு சமயம் மெய்யாகாது; அது பொய்த்ததனால் மற்றொன்று மெய்யாகிவிடாது.

ரப்பர்க் காட்டில் முனி நடமாடுகிறது என்று ஒரு மாணவன் வந்து சொன்னால், அவனை நகையாடவும் வேண்டா, அவன் வீட்டுத் தெய்வத்தைப் பழிக்கவும் வேண்டா. ‘யார் கண்டார்? எங்கே? எப்போது?’ என்று கேட்கப் பழக்குவோம். அப்பழக்கம் பக்திக்கு ஒருநாளும் பகையன்று.