கரியின் கோலமும் பிணைப்பின் நீளமும்

திருகோணமலை மாவட்டத்தின் வடபுறத்தே, புல்மோட்டைக் கடற்கரையிற் பரந்து கிடக்கும் கருமணல் இலங்கையின் கனியச் செல்வங்களுள் ஒன்றாகும். இத்தீவின் மற்றொரு கருஞ்செல்வம் காரீயம். போகலை, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களிற் பாறைப் பிளவுகளினூடே நரம்புபோல் ஓடுவது அது. கருமணலோ இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் முதலிய பல கனியங்களின் கலவை; காரீயமோ காபன் என்னும் ஒரே மூலகம். விலைமதிப்பற்ற வைரமும் அதே மூலகமே. எனினும், ஒன்று தாளிற் கோடிழுத்துத் தேயும் மென்மையது. மற்றது கண்ணாடியை அறுக்கும் வன்மையது. ஒரே அணு இருவேறு பொருளாவது எங்ஙனம் என்னும் வினாவின் விடை, அணுவுக்கும் அணுவுக்கும் இடையேயுள்ள தூரத்தில் அடங்கியுள்ளது. அத்தூரத்தை அளக்க மனிதன் கற்ற வரலாறு அறியத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரசாயனவியலார் எவ்வணு எவ்வணுவுடன் பிணைந்துள்ளது என்பதை உய்த்துணர்ந்தனர். பிணைப்பின் நீளத்தை அளக்கும் கருவி அவர்களிடம் இருக்கவில்லை. 1865இல் கெக்குலே பென்சீனை அறுகோண வளையமாக வரைந்து, அதன் பக்கங்களில் ஒற்றைப் பிணைப்பையும் இரட்டைப் பிணைப்பையும் மாறிமாறி அமைத்தார். அவ்வாறாயின் வளையத்தின் மூன்று பக்கங்கள் நீண்டும் மூன்று குறுகியும் இருத்தல் வேண்டும். ஆனால், பென்சீனின் இரசாயன இயல்பு அத்தகைய வேற்றுமை எதனையும் காட்டவில்லை. பிணைப்புகள் ஓயாது இடம் மாறுகின்றன என 1872இல் கெக்குலே விளக்கமளித்தார். அது கருத்தேயன்றி அளவையன்று.

அளவுகோல் 1912இல் தோன்றியது. பளிங்கினூடு செல்லும் எக்சுக்கதிர் ஒழுங்கான கோலமாகச் சிதறும் என்பதை இலாவே என்பாரின் ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டிலேயே பிராக்குத் தந்தையும் மகனும் அம்முறையால் வைரத்தின் அமைப்பை வெளிப்படுத்தினர். அதில் ஒவ்வொரு காபன் அணுவும் நான்முகியின் மூலைகளிலுள்ள நான்கு அணுக்களைப் பற்றி நிற்கின்றது. பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்றோம். ஒரு சதமமீற்றரைப் பத்துக் கோடி கூறாக்கின் அவற்றுள் ஒன்றே ஓர் ஆங்ஸ்றோம். 1924இல் பேணல் காரீயத்தின் அமைப்பை ஆராய்ந்தார். அதன் அணுக்கள் தேன்கூடு போன்ற தட்டையான ஏடுகளாக அமைந்துள்ளன. ஏட்டினுள் பிணைப்பின் நீளம் 1.42, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே 3.35. ஏடுகள் எளிதில் வழுக்குவதாலேயே காரீயம் தாளில் எழுதுகின்றது.

1929இல் கதலீன் லோன்சுடேல் அம்மையார் அறுமெதைல் பென்சீன் பளிங்கை அளந்து, வளையம் தட்டையானது என்றும், ஆறு பக்கங்களும் சமம் என்றும் நிறுவினார். அறுபது ஆண்டுகளாக நீடித்த ஐயம் இவ்வாறு நீங்கியது. பின்னர் நுட்பமாக அளந்தபோது பென்சீனின் பக்கம் ஏறக்குறைய 1.39 எனக் கண்டனர்.

அளவு கிடைத்தபின் அதற்குக் காரணம் கூறும் கொள்கை வந்தது. 1931இல் போலிங் கலப்பாக்கக் கொள்கையை விரித்துரைத்தார். ஓர் எஸ் ஒபிற்றலுடன் மூன்று பி ஒபிற்றல்கள் கலப்பின் நான்முகிப் பிணைப்புகளும், இரண்டு கலப்பின் ஒரே தளத்தில் மூன்று பிணைப்புகளும், ஒன்று கலப்பின் நேர்கோட்டில் இரண்டு பிணைப்புகளும் உண்டாகும். எஸ் ஒபிற்றல் கருவுக்கு அண்மையில் நிற்பது. ஆதலால் அதன் பங்கு கூடக்கூடப் பிணைப்புக் குறுகும். மெதேனில் 1.09 ஆக இருக்கும் காபன்–ஐதரசன் பிணைப்பு அசற்றலீனில் 1.06 ஆவது இதனாலாகும். கலவாது எஞ்சிய பி ஒபிற்றல்கள் மேலதிகப் பிணைப்பைத் தந்து மேலும் நெருக்கும். எதேனின் 1.54, எதிலீனின் 1.34, அசற்றலீனின் 1.20 என்னும் காபன்–காபன் நீளங்களில் இவ்விரு காரணங்களும் சேர்ந்து தொழிற்படுகின்றன.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. காரீயத்திலும் பென்சீனிலும் காபனின் கலப்பாக்கம் ஒன்றே. ஆயினும் நீளம் ஒன்றன்று. கலப்பாக்கத்தை மட்டும் நோக்குபவர் இவ்விடத்தில் இடறுவர். பென்சீனில் ஒவ்வோர் அணுவும் தன் எஞ்சிய ஓர் இலத்திரனை வளையத்தின் இரு பிணைப்புகளுக்குப் பகிர்கின்றது. காரீயத்தில் மூன்று பிணைப்புகளுக்குப் பகிர்கின்றது. எனவே முன்னதில் ஒவ்வொரு பிணைப்பும் ஒன்றரை. பின்னதில் ஒன்றும் மூன்றிலொன்றும். பங்கு குறைந்த காரீயப் பிணைப்பு சற்று நீண்டிருப்பது இயல்பே.

அவ்விலத்திரன்கள் உண்மையிலேயே பொதுச்சொத்தாக உலவுகின்றனவா? இதற்குச் சான்று தேடியவர்களுள் தமிழர் ஒருவர் முன்னிற்கின்றார். 1898இல் வத்திராயிருப்பிற் பிறந்து, 1928இல் இராமன் விளைவைக் கண்டறியும் பணியில் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணனே அவர். டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் பளிங்குகளின் காந்த இயல்பைத் திசைதோறும் அளந்தார். வளையத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் எதிர்க்காந்தத் தன்மை மிக்கிருந்தது. காரீயத்திலோ அவ்வேற்றுமை மிகப் பெரிதாயிருந்தது. இலத்திரன்கள் ஏடு முழுவதும் உலவுவதற்கு இதுவே அடையாளம். 1936இல் லோன்சுடேலும் கிருஷ்ணனும் சேர்ந்தெழுதிய கட்டுரை, பளிங்கின் காந்த இயல்பை மூலக்கூற்றமைப்புடன் இணைத்து இலண்டன் றோயல் சங்க வெளியீட்டில் வந்தது. ஒருவர் நீளத்தால் உணர்த்தியதை மற்றவர் காந்தத்தால் உணர்த்தினார்.

எப்பிணைப்பு நீண்டது என்னும் வினாவுக்கு இக்கால மாணவர் சூத்திரத்தை ஒப்புவித்து விடையெழுதுதல் எளிது. ஆயின் சூத்திரம் முன்னும் அளவை பின்னுமாக இவ்வறிவு வளரவில்லை. அமைப்பை வரைந்து, கலப்பாக்கத்தை அறிந்து, பகிர்வை எண்ணி, அதன்பின் அளவையோடு ஒப்பிடுவதே முறை. அம்முறையைக் கற்ற மாணவனுக்கு, அவன் கைப்பென்சிலின் கருமுனையும் ஒரு பாடநூலாகும்.