ஒழுங்கு என்னும் உடன்படிக்கை

கண்டி–மாத்தளை வீதியிலுள்ள அலவத்துகொடையிற் கடை நடத்துவோர் பண்டங்களை அடுக்கிய பின்னரே கதவைத் திறப்பர். தரவை முதலில் எழுதி, ‘ஆயத்தம்’ என்னும் குறியைப் பின்னர் இடும் கணனி நிரலும் இத்தகைய ஒழுங்கையே நம்புகின்றது. ஆயின் விரைவை நாடும் செயலி இவ்வரிசையை மாற்றிவிடலாம். அப்போது பிறிதொரு செயலி குறியைக் கண்டும் பழைய தரவையே வாசிக்கும்.

1979 இல் லெஸ்லி லாம்போர்ட் ‘வரிசைமுறை இசைவு’ என்னும் கருத்தை வரையறுத்தார். செயலிகள் பலவாயினும், ஒவ்வொன்றின் நிரல் வரிசையும் கெடாது, செயல்கள் யாவும் ஒரே தொடராக நிகழ்ந்தாற்போன்ற விளைவு வேண்டும் என்பதே அது. அதனை முற்றாகப் பேணின் வேகம் குன்றும். பம்பாய் இந்தியத் தொழினுட்ப நிறுவகத்தில் 1987 இல் பட்டம் பெற்ற சரிதா அட்வே, விசுகொன்சின் பல்கலைக்கழகத்து மார்க் ஹில்லுடன் 1990 இல் இவ்விக்கட்டுக்கு வழி கண்டார். செயலிகள் ஒத்திசையும் இடங்களை நிரலர் வெளிப்படையாகச் சுட்டினால், பொறி லாம்போர்ட்டின் ஒழுங்கைக் காட்டவேண்டும். ஏனைய இடங்களில் அது விரையலாம். ஒழுங்கு இவ்வாறு உடன்படிக்கையாயிற்று.

பணிசெயல் முறைமையின் கருப்பகுதியை எழுதுவோர் தம் கோரிக்கையை நினைவகத் தடுப்புகளால் விடுக்கின்றனர். எழுதும் பக்கத்தில் தரவுக்கும் குறிக்கும் இடையிலும், வாசிக்கும் பக்கத்தில் குறிக்கும் தரவுக்கும் இடையிலும் அவை வேண்டும். ஒன்று குறையின் மற்றையதை நம்புதற்கில்லை. லினக்சு 2018 இல் இவ்விதிகளை முறைசார் மாதிரியாகத் தன் மூலநிரலிற் சேர்த்துக்கொண்டது. பொறியின் ஒழுங்கு இயல்பாகக் கிடைப்பதன்று, கேட்டுப் பெறவேண்டியது.