நாய்க்கு ஒரு புகலிடம்

பங்காருபேட்டை என்னும் பெயரைக் கேட்டவுடன் பொன்னின் நினைவு எழுவது இயல்பே. ஆயின் முன்னாளில் அவ்வூர் பௌரிங்பேட்டை என வழங்கிற்று. 1862 முதல் 1870 வரை மைசூரில் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயர் அது. 1894-க்குப் பின் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்த தமிழர் இந்த ஜங்ஷனில் இறங்கிக் கிளை வண்டி ஏறினர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்களுடைய பேரர்கள் அதே ஜங்ஷன் வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று மீளுகின்றனர்.

ரயிலில் சென்று மீளுவோர்க்கெல்லாம் பிளாட்பாரத்து நாய் பழகிய முகம். 2025 நவம்பர் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை அந்த நாயைப் பற்றியதே. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க வேண்டும் என்று அது கூறிற்று. காப்பகம் என்று சொல்லிவிடுவது எளிது. அதன் வரலாறோ நெடியது. கலகத்தில் தொடங்கிற்று என்பது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

பம்பாயில் கம்பெனி ஆட்சி நாய் ஒன்றுக்கு எட்டணா வீதம் கொடுத்துத் தெருநாய்களைக் கொல்வித்தது. கூலிக்காகக் கொல்வோர் வீட்டு வளவுக்குள்ளும் புகுந்தனர். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் 1832 ஜூன் 6-ஆம் நாள் கிளர்ந்தெழுந்தனர். கடைகள் அடைபட்டன, பட்டாளம் வரவழைக்கப்பட்டது. கலகம் ஓய்ந்தது, வினா ஓயவில்லை. கொல்லலாகாது என்றால் எங்கே வைப்பது? ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஜைன வணிகர் மோதிசந்த் அமிசந்தின் குடும்பத்தாரும் பொருளுதவி செய்ய, 1834-இல் பம்பாய்ப் பிஞ்சராபோல் தோன்றிற்று. லண்டனில் மேரி டீல்பி அம்மையார் தெருநாய்களுக்கென இல்லம் திறந்தது 1860-இல்தான். நாம் இருபத்தாறு ஆண்டு முந்திக்கொண்டோம் என்று பெருமை கொள்ளலாம். ஆனால் அதே 1860-இல்தான் சென்னை நகரசபை தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

சென்னையில் மாறுதலைக் கொணர்ந்தவர் ஒரு விமானி. கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1951-இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் சிறு விமானம் ஓட்டி வந்து புகழ் பெற்றவர்கள். 1959-இல் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைச் சுந்தரம் எடுத்துவந்து வீட்டில் வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே புளூ கிராஸ் சங்கம். ருக்மிணி தேவி அருண்டேலின் பெருமுயற்சியால் 1960-இல் பிராணி வதைத் தடைச் சட்டமும், 1962-இல் அவர் தலைமையில் விலங்குகள் நல வாரியமும் அமைந்தன.

சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா நகரசபையிடம் கேட்டது மிக எளிய கேள்வி: நூறாண்டு கொன்றும் நாய் குறைந்ததா? குறையவில்லை. ஒரு தெருவில் நாய் ஒழிந்தால் அங்குள்ள குப்பையும் எச்சிலிலையும் ஒழிவதில்லை. அடுத்த தெருவிலிருந்து வேறு நாய் வந்து குடியேறும், குட்டி போடும். கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதே வழி என்றனர் சங்கத்தார். 1990-இல் உலக சுகாதார நிறுவனமும் கொலையால் பயனில்லை என்னும் முடிவுக்கே வந்தது. நகரசபை இணங்கியது 1996-இல். அப்போது நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பது சங்கத்தாரின் கணக்கு. 2001-இல் இம்முறை நாடு முழுமைக்கும் விதியாயிற்று.

கருத்தடைக்கு வரும் நல்ல நாயைச் சில நாளில் திருப்பி விட்டுவிடலாம். நோயுற்றதும் அஞ்சி நடுங்குவதும் அவ்வாறல்ல. வலையில் சிக்கி வந்த நாய்க்கு முன்பின் அறியாத வாடை, இரைச்சல், கம்பிக்கதவு இவையெல்லாம் ஒருசேரத் தாக்குகின்றன. இரண்டு மூன்று நாள் அது சோற்றைத் தொடாமலே கிடப்பதுண்டு. பழகிய பணியாள் அதன் கண்ணை நேரே நோக்கமாட்டார். மேலே குனிந்து கை நீட்டவும் மாட்டார். பக்கவாட்டாகத் தரையில் அமர்ந்து, வட்டிலைச் சிறிது தள்ளி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியோ சாக்குத் திரையோ வேண்டும். சோறு கொண்டுவருபவர் மாறலாகாது, வேளையும் மாறலாகாது. அஞ்சிய நாயே மிகுதியும் கடிக்கும். அதைக் கொடிய நாய் என்று முத்திரை குத்துவது பொறுமையற்றவர் செயல்.

நோயோ அன்புக்கு மட்டும் கட்டுப்படாது. குட்டிகளை வாரிச் செல்லும் பார்வோ என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே புதிதாக வந்த நாய் தனிக்கூண்டில் இருத்தல் வேண்டும், தரையைப் பிளீச்சிங் பவுடர் கலந்த நீரால் கழுவ வேண்டும். வெறிநோய் ஐயமுள்ளதை யாரும் தொடலாகாது. கடித்த நாயைப் பத்து நாள் தனியே வைத்துப் பார்ப்பது வழக்கம். அந்த நாள்களில் அது நலமாக இருந்தால், கடித்தபோது எச்சிலில் நோய்க்கிருமி இருக்கவில்லை என்று கொள்ளலாம். ஆனால் கடிபட்டவர் பத்து நாள் காத்திராமல் அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காப்பகப் பணியாளர்களோ கடிபடுவதற்கு முன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள். ரயில் நிலையத்து நாய்களை ஏற்கப்போகும் நகராட்சிகள் தனிக்கூண்டு எத்தனை, ஊசி போட்ட ஆள் எத்தனை, கால்நடை மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் என்பதைக் கட்டடம் கட்டுமுன்னரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.