கீழடி மட்கல ஓடுகளில் நானோ குழாய்கள்: வினையூக்கி குறித்த ஒரு வினா

கீழடி மட்கல ஓடுகளின் உட்புறக் கரும்பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் உள்ளன என 2020 நவம்பரில் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியான ஆய்வுரை அறிவித்தது. ஓடுகளின் காலத்தைப் பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டு என அது குறித்தது. இதையொட்டி, பழந்தமிழர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தனர் என்னும் கூற்று பரவலாயிற்று. கண்டுபிடிப்புக்கும் இக்கூற்றுக்கும் இடையில் ஒரு படி விடுபட்டுள்ளது. அது வினையூக்கி பற்றியது.

இன்றைய ஆய்வகங்களில் இக்குழாய்களைப் பரவலாக வளர்க்கும் வேதி ஆவிப் படிவு முறையில், வினையூக்கியை ஆயத்தம் செய்வதே நுட்பமான பணி. இரும்பு நைட்ரேட் கரைசலை அலுமினாத் தூளில் ஊறவைத்து, உலர்த்திச் சுட்டு, ஹைட்ரஜனால் ஒடுக்கினால், சில நானோமீட்டர் அளவுள்ள இரும்புத் துகள்கள் கிட்டும். ஹைட்ரோகார்பன் வளிமம் அத்துகள்களின் மேல் சிதைய, அதிலுள்ள கார்பன் குழாயாக வெளிப்படுகிறது. குழாயின் விட்டம் பெரிதும் துகளின் அளவைப் பொறுத்தது. வெப்பத்தில் துகள்கள் ஒன்றுகூடிப் பெருத்தால் மெல்லிய குழாய்கள் வளரா. ‘ஆயத்தம்’ என்பது இந்த அளவுக் கட்டுப்பாட்டையே குறிக்கும்.

சூளையில் இதற்கு இணையான சூழல் நேர்ந்திருக்கக்கூடும். களிமண்ணில் அலுமினா, சிலிக்காவுடன் இரும்பு ஆக்சைடும் உண்டு. காற்றுக் குறைந்த சூட்டில் புகையே அதனை ஒடுக்கவல்லது. ஆயினும் குயவர் நாடியது கறுப்பு நிறமும் நீர் கசியாத உட்புறமுமாக இருக்கலாம். குழாயை அவர் கண்டிருக்க இயலாது. இதனால் அவர்தம் திறன் குறைவுபடாது. சூளையின் காற்றையும் சூட்டையும் ஆளும் கைப்பழக்கமும் அறிவே.

2006இல் டிரெஸ்டன் ஆய்வாளர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட குறிப்பு ஒப்புநோக்கத்தக்கது. 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளொன்றில் நானோ குழாய்களையும் அவற்றினுள் சிமென்டைட் இழைகளையும் அவர்கள் கண்டனர். இத்தகைய வாள்களுக்கு மூலப்பொருள் இந்திய உருக்கு. அதன் தாதுவிலிருந்த சிற்றளவு உலோகங்களோடு, உருக்குவோர் சேர்த்த ஆவாரை விறகையும் எருக்கிலையையும் அவர்கள் கருத்தில் கொண்டனர். நம் சாலையோரச் செடிகள் அவ்விவாதத்தில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே; எனினும் அங்கும் வினையூக்கி பற்றிய விளக்கம் கருதுகோளே.

ஆகவே, குழாய் உண்டா என்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. குழாயின் முனையிலோ அடியிலோ உலோகத் துகள் ஒட்டியுள்ளதா, அதன் அளவு குழாயின் விட்டத்தோடு பொருந்துகிறதா என்பவற்றை மின்னணு நுண்ணோக்கியால் காணவேண்டும். பூச்சில்லாத ஓடுகளையும் சுற்றியுள்ள மண்ணையும் உடன் சோதிக்கவேண்டும். முடிச்சூரைச் சூழ்ந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பெருங்கற்காலக் கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் இவ்வொப்பாய்வுக்கு ஏற்றவை. அவற்றிலும் குழாய்கள் காணப்படின், அவை கீழடிக்கே உரிய தனி நுட்பத்தின் விளைவல்ல, இவ்வகைச் சூளைகளின் பொது விளைவு என்றே கொள்ள நேரும்.