செங்கல்பட்டு ஊசியும் என் சிறுநீர்ப்பையும்



சென்ற வாரம் நான் மறுபடி ஸ்கோப் பார்க்கப் போய்வந்தது தெரிந்து பலர் போன் செய்தீர்கள். "சார், போன தடவையே எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே, மறுபடி எதுக்கு?" என்பதுதான் எல்லோர் கேள்வியும். என் தங்கை மகன், "மாமா, வேற டாக்டர பாக்கலாமா?" என்றே கேட்டுவிட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. வரலாற்று வாத்தியார் அல்லவா, வரலாறாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டாக்டர் மேல் பழி வேண்டாம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பெரும்பாலானவை பையின் உட்தோலோடு நிற்பவை. உயிருக்கு உடனே ஆபத்தில்லை, ஆனால் களை மாதிரி திரும்பத் திரும்ப முளைக்கும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே குழாயை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் இடைவெளி நீளும், இருந்தால் மறுபடி சுரண்டல். எனக்கு நான்கு வருடத்தில் மூன்று முறை ஆகிவிட்டது.

உள்ளே எட்டிப் பார்க்க வழி கண்டவர் மாக்ஸ் நிட்சே என்ற ஜெர்மானியர், 1877ல். குழாயின் நுனியில் பிளாட்டினம் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வெளிச்சம் உண்டாக்கினார். அது சுடாமலிருக்கச் சுற்றிலும் குளிர்ந்த நீரை ஓடவிட்டார். இப்போதைய ஸ்கோப்புக்கே நான் பல்லைக் கடிக்கிறேன், அன்றைய நோயாளிகளை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. 1910ல் நியூயார்க்கில் எட்வின் பியர் என்பவர் அதே குழாய் வழியே மின்சாரத்தை விட்டுக் கட்டியைக் கருக்கிக் காட்டினார். அதுவரை பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டும்.

இந்த நோய்க்கும் தொழிற்சாலைக்கும் பழைய உறவு உண்டு. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள். 1895ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், மெஜந்தா சாயம் தயாரித்த 45 தொழிலாளர்களில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருப்பதைக் கண்டு எழுதினார். சாயத் தொழிலில் புழங்கிய பீட்டா நாப்தலமைன் என்ற பொருள் நாய்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதை 1938ல் வில்ஹெல்ம் ஹூப்பர் காட்டினார். அதே பொருள் கலந்த ரசாயனம் ரப்பர் ஆலைகளிலும் சேர்க்கப்பட்டு வந்தது. பிரிட்டனில் 1949ல் அதை நிறுத்தினார்கள். ஆனால் வேலை செய்தவர்களுக்கு நோய் வெளிப்பட இருபது வருடம்கூட ஆகும், எனவே நிறுத்திய பிறகும் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ரப்பர் பொருள் தயாரிக்கும் தொழிலையும் பெயின்ட் அடிக்கும் வேலையையும் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில்தான் வைத்திருக்கிறது. நம் பகுதியில் டயரும் உண்டு, பெயின்ட் ஷாப்பும் உண்டு. பயமுறுத்தவில்லை. மாஸ்க்கையும் கையுறையையும் சூப்பர்வைசருக்காகப் போடாதீர்கள், அவ்வளவுதான். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் சிகரெட்டும் பீடியும். நான் சாக்பீஸைத் தவிர எதையும் தொட்டதில்லை என்று நினைக்கும் என் பழைய மாணவர்களுக்கு: கல்லூரி நாளில் தொடங்கி இருபது வருடம் புகைத்தேன். வகுப்புக்கு வருமுன் ஏலக்காய் மெல்லுவேன்.

இனி நான் சொல்ல வந்த கதை.

பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருடம், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் இழக்கச் செய்தார்கள். 1921ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். அதுதான் பி.சி.ஜி. 1948ல் கிண்டியில் அதைத் தயாரிக்க ஆய்வகம் வந்தது. நாடெங்கும் எல்லோருக்கும் போட அரசு முனைந்தபோது ராஜாஜி எதிர்த்தார், 1955ல் அதற்காகவே எழுதி வெளியிட்டார். நானும் வகுப்பில் இதை மூத்தவரின் பிடிவாதம் என்று சொல்லிக் கடந்திருக்கிறேன்.

அந்த ஊசிக்கு உலகிலேயே மிகப் பெரிய சோதனை நடந்தது நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கம். (1997ல்தான் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரித்தார்கள்.) 1968ல் தொடங்கி 1971 வரை வீடு வீடாக வந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. எங்கள் ஊருக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. எக்ஸ்ரே வண்டி முன்னால் சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. எனக்குப் போட்டது எது என்று இன்றுவரை தெரியாது.

ஏழரை வருடத் தொடர் கண்காணிப்புக்குப் பின் 1979ல் முடிவு வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. மூளையைத் தாக்கும் காசம் போன்ற கொடிய வகைகளிலிருந்து குழந்தைகளைக் காப்பதால் பிறந்தவுடன் போடுவது மட்டும் தொடர்ந்தது. மருத்துவப் புத்தகங்களில் நம் செங்கல்பட்டு, பி.சி.ஜி. பலிக்காத இடம் என்றே பெயர் வாங்கிவிட்டது.

அந்த முடிவு வருவதற்கு மூன்று வருடம் முன்பே, 1976ல், கனடாவில் அல்வாரோ மொராலஸ் என்ற மருத்துவர் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் இதே பி.சி.ஜி.யை விட்டு, கட்டி திரும்ப வருவது குறைந்ததாக எழுதியிருந்தார். கிருமியை விரட்ட ஓடிவரும் உடம்பின் காவல் அணுக்கள் புற்று அணுக்களையும் சேர்த்து அடிக்கின்றன. வாரம் ஒன்றாக ஆறு வாரம் கொடுத்தார். ஏன் ஆறு? அவருக்குக் கிடைத்த மருந்துப் பொட்டலத்தில் ஆறு குப்பிகள் இருந்தனவாம்! உலகம் முழுக்க இன்றும் முதல் சுற்று ஆறு வாரம்தான்.

எனக்கும் அதே ஆறு. டியூப் வழியாக விட்டு இரண்டு மணி நேரம் அடக்கிவைக்கச் சொல்வார்கள். அன்றிரவு குளிர்காய்ச்சல் வரும், எரிச்சலில் தூக்கம் இருக்காது. உயிருள்ள கிருமி என்பதால் ஆறு மணி நேரம் கழிவறையில் பிளீச்சிங் ஊற்ற வேண்டும். அந்த வேலை முழுக்க உங்கள் டீச்சரம்மாவுடையது. பத்து வயதில் கையில் ஏறியதோ இல்லையோ, அறுபத்து மூன்றில் ஏறிவிட்டது.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதன்முதலில் சிறுநீர் சிவப்பாகப் போனபோது வலியே இல்லை. உடம்புச் சூடு என்று இளநீரும் ஊறவைத்த வெந்தயமுமாக எட்டு மாதம் ஓட்டினேன். இரண்டு நாளில் தானாக நின்றுவிடும், மறுபடி வரும். வலியில்லாமல் வருவதுதான் இதன் முக்கிய அறிகுறி என்று பிறகு தெரிந்துகொண்டேன். நைட் ஷிப்ட் முடித்து வருபவர்களும் சூடு என்றுதான் நினைப்பீர்கள். ஒருமுறை வந்தாலும் யூராலஜி டாக்டரிடம் போய்விடுங்கள். இ.எஸ்.ஐ. கார்டு எதற்கு இருக்கிறது?

அடுத்த ஸ்கோப் மூன்று மாதம் கழித்து. அதுவரை போனில் நலம் விசாரிப்பதைக் குறைத்து, வேறு ஏதாவது பேசுங்கள். திருவள்ளூர்ப் பக்கத்து உறவுகளில் யாருக்காவது அந்த ஊசிக்காரர்கள் வந்த நாள் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். எக்ஸ்ரே வண்டி என்ன நிறம் என்பதில் எனக்கும் என் அண்ணனுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை.