ஏலமலையில் டிசம்பர்

இங்கே பஹ்ரைனில் டிசம்பர் 16, 17 தேசிய தினத்துக்கு லீவு உண்டு. 25-ஆம் தேதிக்குக் கிடையாது. வருஷக் கடைசி என்பதால் பேங்கில் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் டிசம்பர் பிறந்தால் எனக்குச் சாந்தன்பாறை ஞாபகம் வந்துவிடும். பாதிக் காரணம் கஹ்வா. அரபு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்களே, அந்தக் காபியில் காபியைவிட ஏலக்காய்தான் தூக்கலாக இருக்கும். ஏலக்காய் ஸ்டோரில் விறகு மூட்டிக் காய் உலர்த்தும் இரவுகளின் வாசம் அது.

சாந்தன்பாறை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிப் போடிமெட்டு ஏறி, பூப்பாறையில் இடது பக்கம் திரும்ப வேண்டும். இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை தாலுகா. மாநிலம் கேரளம். ஏலத்தோட்டத்துக்குள் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளை.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் பெரிய பண்டிகை தீபாவளியா கிறிஸ்துமஸா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். நான் படித்தது பி.காம்., வரலாறு அல்ல. அதனால் எனக்குத் தெரிந்த வழியில், காசுக் கணக்கிலிருந்தே சொல்கிறேன். ஏலக்காய் எடுப்பு ஆவணி வாக்கில் தொடங்கி தை மாசி வரை சுற்றுச் சுற்றாகப் போகும். தீபாவளி நடு எடுப்பில் வரும். முதலாளிக்கும் கையில் காசு நிற்காது, கடன்தான். மார்கழிக்குள் நாலைந்து சுற்று முடிந்து, சரக்கு போடியிலும் வண்டன்மேட்டிலும் ஏலம் போய், பணம் மலை ஏறியிருக்கும். துணி, இறைச்சி, கேக், சினிமா எல்லாம் அப்போதுதான்.

மலையில் முதலில் கிறிஸ்துமஸ் கொண்டாடிய வெள்ளைக்காரர்கள் எங்கள் பக்கம் அல்ல, முப்பது கிலோமீட்டர் வடக்கே மூணாறில் இருந்தார்கள். 1877-ல் பூஞ்ஞார் ராஜாவிடம் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்ததிலிருந்து தொடங்குகிற கதை அது. அவர்களுடைய டிசம்பர் என்றால் எல்லாரும் கிளப்பையும் விருந்தையும்தான் சொல்வார்கள். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கல்லறை. ஹென்றி நைட் என்ற தோட்ட மேனேஜரின் இளம் மனைவி எலினர் இசபெல் மே, மலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, 1894 டிசம்பரில், காலராவில் இறந்துபோனார். பழைய மூணாறில் ஒரு குன்றின் மேல் புதைத்தார்கள். அந்தக் கல்லறைதான் முதலில் வந்தது. அடிவாரத்தில் சர்ச் கட்டியது 1910-ல். இன்றைக்கு அதே சர்ச்சில் தமிழிலும் ஆராதனை உண்டு. லயங்களிலிருந்து வரும் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் காலையில் புதுத்துணியோடு அந்த மேட்டைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.

மூணாறுக்கு அந்தக் காலத்தில் போடிதான் வாசல். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகக் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வந்து சேரும். போடிக்கு 1928-ல் ரயிலும் வந்துவிட்டது. மலையில் எது நடந்தாலும் அதன் ஒரு நுனி கீழே போடியில் இருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் சாந்தன்பாறைப் பக்கக் கிறிஸ்துமஸ் வேறு மாதிரி. அது மீனச்சில், தொடுபுழா பக்கத்திலிருந்து மலை ஏறிய குடியேற்றக்காரர்கள் கொண்டுவந்தது. 1940களில் உணவுப் பஞ்சத்தில் அரசாங்கமே காட்டை வெட்டிப் பயிர் வைக்கச் சொன்னது. 1950களில் பட்டம் தாணுப்பிள்ளை காலத்தில் காலனி போட்டுக் குடியேற்றினார்கள். தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது என்று தமிழர்கள் சொல்வார்கள். கணக்கு இருந்திருக்கலாம். வந்த குடும்பங்கள் என்னவோ பசியோடும் மலேரியாவோடும்தான் மல்லுக்கட்டின. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு எல்லை பலித்துவிட்டது. பக்கத்து வீடு பக்கத்து வீடாகவே இருந்தது.

அவர்களுக்கு டிசம்பர் முதல் தேதியிலிருந்து 'இருபத்தஞ்சு நோயம்பு'. மீன் கிடையாது, இறைச்சி கிடையாது. நம்ம ஐயப்ப சாமிகளும் மாலை போட்டிருப்பார்கள். ஆக டிசம்பர் மாதம் முழுக்க ஊரே சைவம். இறைச்சிக் கடைக்காரர் ஈ ஓட்டுவார். 24-ஆம் தேதி ராத்திரி பாதிரா குர்பானா முடிந்ததும் எல்லாம் வட்டியும் முதலுமாகத் தீரும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் சபரிமலையில் மண்டல பூஜையும் முடிந்து சாமிகளும் மாலையைக் கழற்றிவிடுவார்கள். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

பொழுதுபோக்கு என்றால் காலையில் எஸ்டேட் கோயில் குழாயில் மார்கழிப் பாட்டு. ராத்திரி கரோல். ஒரு பெட்ரோமாக்ஸ், ஒரு டிரம், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் அப்பூப்பன். அவர்கள் புல்கூடு என்பதை லயத்துத் தமிழ்ப் பிள்ளைகள் குடில் என்பார்கள். மூங்கில் பிளந்து வண்ணக் காகிதம் ஒட்டிய ஸ்டார் எல்லா வீட்டிலும் தொங்கும், எங்கள் வீட்டிலும். கரோல் கூட்டம் எங்கள் லயத்துக்கு வந்தால் மலையாளப் பாட்டு ரெண்டு முடிந்ததும் ஒரு இளையராஜா பாட்டு கட்டாயம். அதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பாட்டு இந்த மலைக்கு ஏறியது அடிவாரத்திலிருந்துதான். இளையராஜாவின் பண்ணைப்புரம் இந்த மலைக்குக் கீழேதான் இருக்கிறது. 1957-ல் தேவிகுளத்தில் ரோஸம்மா புன்னூஸ் ஜெயித்து, அந்தத் தேர்தல் செல்லாது என்றாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. அப்போது ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் மலை ஏறிக் கம்யூனிஸ்டுகளுக்காகப் பாடினார். ரோஸம்மா மறுபடி ஜெயித்தார். தமிழ்ப் பாட்டுக் கேட்டுவிட்டு மலையாள வேட்பாளருக்கு ஓட்டுப் போட்ட தொழிலாளிகளை அப்பா தலைமுறை கதை கதையாகச் சொல்லும். என் காலத்தில் பாட்டு இலங்கை வானொலியிலிருந்து வந்தது. மலை உச்சிக்கு ரேடியோ சும்மா கணீரென்று எடுக்கும். சினிமா பார்க்க மட்டும் போடிக்கு இறங்க வேண்டும். டிசம்பர் 26-ஆம் தேதி இறங்கும் ஜீப்பில் ஆணி அடிக்கக்கூட இடம் இருக்காது.

ஜீப் என்றதும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புரிந்திருக்கும். போடி, தேவாரம், கம்பத்திலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்புகளில் பெண்கள் மலை ஏறுவார்கள், தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாக. சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். என் சித்தியும் அதில் ஒருத்தி. ஏலக்காய் இந்தக் கைகள் இல்லாமல் செடியை விட்டு வராது. பழுத்த காயை விட்டுவைத்தால் வெடித்துவிடும், மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும்.

2011 டிசம்பரில் அந்த ஜீப்புகள் நின்றன.

முல்லைப் பெரியாறு விவகாரம். 1886-ல் 999 வருஷக் குத்தகை எழுதி, 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. அணை உடையும் என்ற பயம் அந்தப் பக்கம், தண்ணீர் போய்விடும் என்ற பயம் இந்தப் பக்கம். போதாக்குறைக்கு நவம்பர் கடைசியில் 'டேம் 999' என்று ஒரு படம். தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். ஒரு படத்துக்கு அவ்வளவு சக்தி உண்டா என்றால், தனியாக இல்லை. ஆனால் டிவியில் தினம் தினம் அணை உடைவதைக் கிராபிக்ஸில் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது. டிசம்பர் முதல் வாரம் குமுளியில் கலவரம், கம்பத்தில் பதிலுக்குப் பெருங்கூட்டம், எல்லை அடைப்பு. ஐயப்ப சாமிகள் செங்கோட்டை வழியாகச் சுற்றிப் போனார்கள். தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் மிரட்டப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாகக் காட்டுப் பாதையில் தேனி மாவட்டத்துக்கு இறங்கினார்கள்.

சித்தி அந்த வாரம் பாதி நேரம் தோட்டத்து ஸ்டோரிலேயே மாட்டிக்கொண்டார், இன்னும் பத்துப் பெண்களோடு. நான் இங்கிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தேன். முதலாளி பாலாக்காரர். ஸ்டோர்க் கதவை வெளியே பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வாசலில் படுத்தாராம். மூன்றாம் நாள் அவரே முன்னால் நடந்து காட்டுப் பாதையில் மெட்டு வரை கொண்டுவந்து விட்டார். 'நோயம்பு, அதனால கஞ்சிதான் குடுத்தாரு' என்று சித்தி போனில் குறைப்பட்டுக்கொண்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. ஆனால் பாக்கிக் கூலி வரவில்லை. காய் பறிக்க ஆள் இல்லாமல் அந்தச் சுற்றே வீணாகி, அவர் கையிலும் காசு இல்லை. லயத்தில் நாலைந்து வீடு பூட்டிக்கிடந்தது. அந்த வருஷம் கரோல் எங்கள் லயத்துக்கு வரவில்லை என்று அப்பா சொன்னார். வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்பே ஜீப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக ஓட ஆரம்பித்தன. பேச்சுவார்த்தையைவிடப் பழுத்த காய்தான் இரண்டு பக்கத்தையும் அவசரப்படுத்தியது என்பது என் கணிப்பு. 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னபோது தோட்டங்களில் சின்னச் சலசலப்போடு போயிற்று. அடுத்த கரோலுக்கு லயத்தில் விளக்கு எரிந்தது. ஆனால் பழைய மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்து கட்டஞ்சாயா குடிக்கிற பழக்கம் குறைந்துவிட்டது. திண்ணையோடு சரி.

2018 கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். அந்த ஆகஸ்டில்தான் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்திருந்தது. லெனின் பாரதி எடுத்த படம், இசை இளையராஜா. அடிவாரத்திலிருந்து மலை ஏறும் கூலிகளின் கதை, அதாவது எங்கள் கதை. சித்திக்குப் போனில் போட்டுக் காட்டினேன். முதல் அரைமணி நேரம் 'இதுல என்ன இருக்கு, தினம் பாக்குறதுதானே' என்று பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு போகிற இடம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தன கிலோடா இருக்கும்?" என்றார்.